நடுச்சாமத்தில் கெண்டைக்கால் இழுக்கிறதா?

இரவு 2 மணி. தாராவியில் ஓர் அறை. ஆறேழு பேர் படுத்திருக்கிறார்கள். திடீரென்று ஒருவர் "ஐயோ, காலு!" என்று அலறிக்கொண்டு எழுகிறார். கெண்டைக்கால் கல்லைப் போல இறுகிக் கிடக்கிறது. மற்றவர்கள் விளக்கைப் போடுகிறார்கள். "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்கிறார் ஒருவர். "வாயுத் தொல்லை" என்கிறார் இன்னொருவர்.

சுருண்டது நரம்பு அல்ல, சதை. நரம்பு வழியாக ஓயாமல் கட்டளை வருவதால் சதை இறுகிவிடுகிறது. சில நிமிடங்களில் விட்டுவிடும். ஆனால் வலி மறுநாளும் இருக்கும்.

யாருக்கு வரும்?

50 வயதைத் தாண்டியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதிகம். பட்டறையிலும் ஓட்டலிலும் நாள் முழுவதும் நிற்பவர்கள், கல்யாணில் ரெயில் ஏறி ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றபடியே ஆபீஸ் போகும் குமாஸ்தாக்கள் ஆகியோரையும் இது விடுவதில்லை. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, நீர் பிரிவதற்காகச் சாப்பிடும் மாத்திரை ஆகியவையும் காரணம் ஆகலாம். பலருக்குக் காரணமே தெரிவதில்லை.

உடனே என்ன செய்வது?

காலை உதறக்கூடாது. முழங்காலை நீட்டி, பாதத்தின் விரல்களை முகத்தை நோக்கி இழுக்கவேண்டும். கை எட்டாவிட்டால் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கலாம். பிடிப்பு விட்டதும் மெதுவாகத் தேய்த்துவிடலாம்.

வராமல் தடுக்க

சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்னால் சாயவேண்டும். பத்து எண்ணும் வரை அப்படியே நிற்கவேண்டும். காலுக்கு மூன்று தடவை. நெதர்லாந்தில் 55 வயதைத் தாண்டிய 80 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. படுக்கப்போகும் முன் 6 வாரம் கால்களை இப்படி நீட்டிப் பயிற்சி செய்தவர்களுக்குப் பிடிப்பு குறைந்தது. 2012-ல் முடிவு வெளிவந்தது. காசு செலவில்லாத வைத்தியம்!

மாத்திரை வேண்டாம்

மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினாவை ஒரு காலத்தில் இதற்கும் கொடுத்தார்கள். அது ரத்தத் தட்டுகளைக் குறைக்கும், இதயத் துடிப்பைக் குலைக்கும். கால் பிடிப்புக்கு அதைச் சீட்டு இல்லாமல் விற்பதை அமெரிக்க அரசு 1994-ல் தடுத்தது. மெக்னீசியம் மாத்திரையாலும் வயதானவர்களுக்குப் பெரிதாகப் பலன் இல்லை.

இது வேறு!

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலி விடாமல் இருந்தால் அது சாதாரணப் பிடிப்பு அல்ல. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் போட்டு நீவக்கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? ரத்தக் குழாய் அடைத்திருக்கலாம். அவரும் டாக்டரைப் பார்க்கவேண்டும். சாப்பிட்டு வரும் மாத்திரை அட்டைகளையும் கையில் எடுத்துப் போவது நல்லது.