நெடுவழி வண்டி – 11: முதலில் ஸ்பிரிங்கைப் பாருங்கள்

சூப்பர் மீட்டியர் 650 பைக் வைத்திருப்பவர்கள் பலர் ஒரு நீண்ட பயணம் முடிந்ததும் மெக்கானிக்கிடம் கேட்பது இதைத்தான்: "அண்ணே, பின்னாடி ஷாக்கை மாத்திடலாமா?" ஓட்டுகிறவர் சமாளித்துக்கொள்கிறார். பின்னால் உட்கார்ந்து வரும் மனைவியோ அம்மாவோதான் ஒவ்வொரு வேகத்தடையிலும் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். மாற்றலாம், தாராளமாக. ஆனால் எதை மாற்றுகிறோம், எதற்காக மாற்றுகிறோம் என்று தெரியாமல் மாற்றினால் பணம் போகும், இடி போகாது.

இந்த வண்டியின் எடை 241 கிலோ. முன்சக்கரம் ஏறி இறங்க 120 மி.மீ. இடம் இருக்கிறது, பின்சக்கரத்துக்கு 101 மி.மீ.தான். இருக்கை 740 மி.மீ. உயரத்தில் தாழ்வாக இருக்க வேண்டும் என்றால் எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். க்ரூஸர் வண்டிகளில் பெரும்பாலும் பின்சக்கரத்தின் அசைவில்தான் கை வைக்கிறார்கள். எந்த நாட்டு க்ரூஸரிலும் இதுவே கதை.

அந்த 101 மில்லிமீட்டரை எப்படிச் செலவழிக்கிறோம் என்று பார்க்கலாம். தனியாளாக ஏறி உட்காரும்போதே 30 மி.மீ. இறங்கிவிடுகிறது என்று வையுங்கள். பின்சக்கரத்தில் அளந்தால் ஸ்பிரிங் 3 கிலோவுக்கு 1 மி.மீ. அமுங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பின்னால் ஒருவர், இரண்டு பக்கமும் பெட்டிகள் என்று சக்கரத்தின் மேல் 75 கிலோ கூடினால் இன்னும் 25 மி.மீ. இறங்கும். மீதி 46. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி கட்டிய வேகத்தடையே 10 செ.மீ. உயரம், ஆனால் அதன் அகலம் 3.7 மீட்டர் என்பதால் வண்டி மெதுவாக ஏறி இறங்கிவிடும். நம் ஊர்ச் சாலைகளில் அந்த அகலத்தை யார் பார்த்தார்கள்? ஒரு முழம் அகலத்தில் தார் மேட்டைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் ஏறும்போது அந்த 46 மி.மீ. நொடியில் தீர்ந்து, ஷாக் அடிதட்டுகிறது. அந்த இடிதான் முதுகெலும்புக்குப் போகிறது.

உடனே சி ஸ்பேனரை எடுத்து ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை, ஏற்றுகிறோம். "டைட் பண்ணியாச்சு, இனி ஸ்பிரிங் கெட்டியாயிடும்" என்று பட்டறையில் சொல்வார்கள். ஆகாது. ப்ரீலோட் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். ஸ்பிரிங்கின் வலு கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை இவற்றில் இருக்கிறது. ஸ்பேனர் அதைத் தொடுவதே இல்லை.

எனவே புது ஷாக் வாங்கும் முன் ஒரு டேப்பும் இரண்டு நண்பர்களும் வேண்டும். பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்கள். இருவர் பின்பக்கத்தைத் தூக்கட்டும். சக்கரம் தரையை விட்டு எழும்போது ஆக்ஸிலிலிருந்து ஸ்டிக்கர் வரை அளந்து எழுதுங்கள். இறக்கிவிட்டு, வண்டி தன் எடையில் மட்டும் நிற்கும்போது மறுபடி அளவு. பிறகு ஜாக்கெட், ஹெல்மெட், பெட்டிகள் என்று பயணத்துக்குப் போகிற அதே கோலத்தில் ஏறி, கால்களை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து உட்காருங்கள். ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சீட்டை ஒருமுறை அமுக்கி விட்டு அளக்கட்டும். முதல் அளவுக்கும் கடைசி அளவுக்கும் உள்ள வித்தியாசம் மொத்த அசைவில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். இந்த வண்டிக்கு அது ஏறக்குறைய 25 முதல் 33 மி.மீ.

நடு அளவையும் விட்டுவிடாதீர்கள். ஆள் ஏறியபின் வரும் அளவு சரியாக இருந்தும், ஆள் இல்லாதபோது வண்டி துளியும் இறங்காமல் விறைத்து நிற்கிறதா? பலர் "ஸ்பிரிங் ரொம்பக் கெட்டி" என்று முடிவு கட்டிவிடுவார்கள். உண்மை நேர்மாறு. ஸ்பிரிங் மெலிது, அதை ப்ரீலோடில் இறுக்கி நிறுத்தியிருக்கிறோம். ஆள் இல்லாமலேயே நிறைய இறங்கினால்தான் ஸ்பிரிங் கெட்டி.

இரண்டு பேரும் பெட்டியும் ஏறுவது வண்டிக்குப் பழைய சங்கடம். இங்கிலாந்தின் வெலோசெட் கம்பெனி இதற்கு அழகான வழி கண்டது. ஷாக்கின் மேல்முனையை வளைந்த ஒரு காடிக்குள் நகர்த்தும்படி அமைத்தார்கள். பின்னால் ஆள் ஏறினால் நட்டைத் தளர்த்தி, ஷாக்கை நிமிர்த்தி, மறுபடி முடுக்க வேண்டியதுதான். ஸ்பிரிங் அதேதான், நெம்புகோல் மாறிவிடுகிறது. தாங்கும் வலு கூடுகிறது. யோசனை ஃபில் இர்விங்குடையது. வின்சென்ட் எஞ்சின்களால் பெயர் பெற்ற ஆஸ்திரேலியப் பொறியாளர் அவர். இன்றைய விலையுயர்ந்த வண்டிகள் பலவற்றில்கூட இவ்வளவு எளிய ஏற்பாடு இல்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

சரியான ஸ்பிரிங் கிடைத்துவிட்டால், அடுத்து டேம்பிங். அமுங்கிய ஸ்பிரிங் தானாக அடங்காது. எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி அந்த ஆட்டத்தை வெப்பமாக மாற்றுவதுதான் ஷாக்கின் உள்வேலை. மேட்டைத் தாண்டியபின் பின்பக்கம் இரண்டு மூன்று முறை குதித்து அடங்கினால் ரீபவுண்ட் (ஷாக் மீண்டு எழும்போது வரும் தடை) போதவில்லை. அதிகமாகிவிட்டால், அடுத்தடுத்த குழிகளில் ஷாக் எழுந்து வரவே நேரமில்லாமல் அமுங்கிக்கொண்டே போகும். கெட்டி ஸ்பிரிங்கை மட்டும் பழைய ஷாக்கில் மாட்டினால் முதல் குறை வரும். அதனால்தான் செட்டாக மாற்றுவது நல்லது என்கிறேன்.

பாரத்தோடு உடைந்த சாலையில் மணிக்கணக்கில் ஓடினால் எண்ணெய் சூடாகி இளகும். உள்ளே காற்றும் கலந்திருந்தால் நுரைத்துவிடும். அப்போது டேம்பிங் காணாமல் போகும். நைட்ரஜன் வாயுவை ஒரு மிதக்கும் பிஸ்டனால் எண்ணெயிலிருந்து பிரித்து வைக்கும் ஷாக்குகளில் இந்தத் தொல்லை குறைவு. பக்கத்தில் தங்க நிறத் தொட்டி இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம். உள்ளே பிரிப்பு உண்டா, பின்னாளில் பிரித்து எண்ணெயும் சீலும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பிரிக்கவே முடியாத ஷாக், சீல் கசிந்த அன்றே குப்பைக்குப் போகும்.

நீளம் பழைய ஷாக்கின் நீளமே இருக்கட்டும். பின்பக்கம் உயர்ந்தால் திருப்பம் துடிப்பாகும். சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகம் சாயும். தாழ்த்தினால், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஃபுட்ரெஸ்ட் தாரை உரசும்.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். பாதி நாள் தனியாகவும் பாதி நாள் இருவராகவும் போகிறவருக்கு, கையாலேயே திருகி ப்ரீலோட் மாற்றும் ஹைட்ராலிக் குமிழ் உள்ள ஷாக் கிடைத்தால் அதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். கம்ப்ரஷன் (அமுங்கும்போது வரும் தடை) குமிழ்களை வாங்கியவர்களில் பலர் திருப்பிப் பார்ப்பதே இல்லை. ரீபவுண்ட் குமிழ் ஒன்று போதும். இங்கிலாந்தின் ஹேகன், தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ், ஸ்வீடனின் ஓலின்ஸ் போன்றவர்களிடம் உங்கள் வண்டிக்கு உண்டா என்று விசாரியுங்கள். யாரிடம் வாங்கினாலும் உங்கள் எடை, பின்னால் வருபவரின் எடை, பெட்டிகளின் எடை மூன்றையும் சொல்லி, எந்த வலு ஸ்பிரிங் தருகிறார்கள் என்று கேளுங்கள். எண்ணாகப் பதில் சொல்லாமல் "எல்லாருக்கும் இதுதான் சார் போடுறோம்" என்கிற கடையில் பர்ஸைத் திறக்க வேண்டாம்.

மாட்டிய பின் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளின் முறுக்கத்தைச் சரிபார்த்து, டேப்பை எடுத்து மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

(அடுத்த வாரம்: முன் ஃபோர்க்கும் பிரேக்கும்)