பாச்சை உருண்டையும் ஒரு மரபணுவும்

பச்சிளங்குழந்தையைப் பொதிவதற்காகப் பெட்டியிலிருந்து எடுக்கும் பழைய பருத்திச் சேலையில் பாச்சை உருண்டையின் மணம் வீசுவதுண்டு. இண்டூர் வட்டாரத்தில் மட்டுமன்று, தமிழகமெங்கும் இது வழக்கமே. பெரும்பாலான குழந்தைகளுக்கு அதனால் தீங்கு நேர்வதில்லை. ஆனால், ஒரு குறிப்பிட்ட மரபணுவில் குறையுடன் பிறந்த குழந்தைக்கு அந்த நாப்தலீன் ஆவியே கடும் மஞ்சள் காமாலையை வரவழைக்கக்கூடும். எண்ணெய் பூசிய மேனியில் அது இன்னும் எளிதாக ஊடுருவும்.

அம்மரபணுவின் பணி, ஜி6பிடி என்னும் நொதியை உருவாக்குவது. இரத்தச் செவ்வணு ஏறத்தாழ 120 நாள் பிராணவாயுவைச் சுமந்து திரிகிறது. இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும் அதே வாயுவிலிருந்து, அணுவை அரிக்கும் பொருள்களும் தோன்றுகின்றன. அவற்றை முறியடிப்பது குளுட்டாதயோன். செலவான குளுட்டாதயோனைப் புதுப்பிக்கத் துணைநிற்பது ஜி6பிடி. பிற உயிரணுக்களுக்கு இதற்கு மாற்றுவழிகள் உண்டு. செவ்வணுவுக்கோ இஃதொன்றே வழி. நொதி குறைந்தால், நச்சுப்பொருளின் தாக்குதலைத் தாங்காது செவ்வணுக்கள் உடைகின்றன.

மலேரியாவுக்குத் தரப்படும் பிரைமாகுயின் மாத்திரையால் சிலருக்கு மட்டும் இரத்தம் சிதைவது ஏன் என்று ஆராய்ந்தபோதுதான், 1956இல், சிகாகோ ஆய்வாளர்கள் இக்குறையைக் கண்டறிந்தனர். டாப்சோன், நைட்ரோஃபியூரன்டாயின் ஆகிய மருந்துகளும் இவர்களுக்கு ஆகா. மருந்து உட்கொண்ட ஓரிரு நாளில் சிறுநீர் கறுத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, உடல் வெளுத்தாலோ தாமதியாமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

அவரையை அறவே விலக்கச் சொல்லும் அறிவுரையும் உலவுகிறது. அதில் குறிப்பிடப்படுவது மத்தியதரைக் கடல் நாடுகளில் மிகுதியாக உண்ணப்படும் ஃபாவா அவரை. நம் மானாவாரி நிலத்தில் விளையும் அவரையும் மொச்சையும் வேறு இனம். வீணாக அஞ்ச வேண்டியதில்லை.

இம்மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஆண்குழந்தைகளிடமே குறை மிகுதியாக வெளிப்படும். எவ்வித அறிகுறியும் இல்லாத தாயிடமிருந்தும் மகனுக்கு வரலாம். அதற்காகத் தாயைப் பழிப்பது அறியாமை.

இக்குறையை இரத்தப் பரிசோதனையால் அறியலாம். ஆயினும், செவ்வணுக்கள் உடைந்த உடனே எடுக்கும் பரிசோதனை சில வேளைகளில் இயல்பாகவே காட்டும். நொதி குறைந்த முதிய அணுக்கள் அழிந்து, நொதி மிகுந்த இளம் அணுக்களே எஞ்சியிருப்பது அதற்குக் காரணம். மூன்று மாதம் கழித்து மீண்டும் வரும்படி மருத்துவர் சொன்னால், தவறாமல் குழந்தையை அழைத்து வாருங்கள்.