வாசலைத் திறந்தது யார்?

கல்லால் ஆன பிரம்மாண்டமான ஒரு நிலை. இரண்டு பக்கமும் முக்காடு போட்டு, கத்தியை ஊன்றிக்கொண்டு நிற்கும் சிலைகள். கதவு கிடையாது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் பச்சையாக ஏதோ சுழல்கிறது. உள்ளே காலை வைத்தால் வேறு உலகம்.

'வார்கிராஃப்ட்' என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் இந்த வாசலுக்குப் பெயர் டார்க் போர்ட்டல். நாம் இருட்டு வாசல் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கம் மனிதர்கள் வாழும் அஸரோத். அந்தப் பக்கம் ஓர்க்குகள் வாழும் டிரேனார். ஓர்க் என்றால் பச்சைத் தோல், கீழ்த் தாடையிலிருந்து மேலே வளரும் கோரைப்பல், ஜிம் மாஸ்டரைப் போல மூன்று மடங்கு தோள். 1994-ல் அமெரிக்காவின் பிளிஸார்ட் கம்பெனி முதல் ஆட்டத்தை வெளியிட்டபோது கதை இவ்வளவுதான்: வாசல் திறந்தது, ஓர்க் வந்தது, அடி!

இதை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க ரசிகர்கள் முப்பது வருஷமாகக் கட்சி பிரிந்து சண்டை போடுகிறார்கள். வேலைக்குப் போய், வரி கட்டி, குழந்தையை ஸ்கூலில் விடுகிறவர்கள். ராத்திரி உட்கார்ந்து, "அந்த வாசலை இடித்தது எத்தனை தடவை?" என்று கணக்குப் பார்க்கிறார்கள்.

நானும் பி.காம். படித்தவன். கணக்கு என்றால் சும்மா இருக்க முடியவில்லை. பார்த்தேன். டேலி ஆகவில்லை.

1995-ல் வந்த இரண்டாவது ஆட்டத்தின் முடிவில் மனிதர்கள் ஜெயித்து வாசலைத் தகர்க்கிறார்கள். சுபம் போட்டாயிற்று. ஆனால் ஆட்டம் பிய்த்துக்கொண்டு விற்றதே? 1996-ல் அதற்கு ஒரு பின்னிணைப்பு வந்தது. வாசல் இடிந்தாலும் அதன் நடுவிலிருந்த பிளவு மூடவில்லையாம். நெர்ஸூல் என்கிற கிழட்டு மந்திரவாதி அந்தப் பக்கத்திலிருந்து அதை மறுபடி திறக்கிறான். கட்கார், டுராலியன் என்று ஒரு படை உள்ளே நுழைந்து துரத்துகிறது. நெர்ஸூல் பேராசையில் கண்ட இடத்தில் புது வாசல்களைத் திறக்க, டிரேனார் என்ற உலகமே துண்டு துண்டாகச் சிதறுகிறது. சிதறல் இந்தப் பக்கம் வராமலிருக்க, கட்கார் உள்ளே நின்றபடியே வாசலை உடைக்கிறான். தன் வீட்டுக்குத் திரும்பும் வழியைத் தானே அடைத்துக்கொள்கிற இடம் அது. அந்த விளையாட்டில் எனக்கு உண்மையாகவே தொண்டை அடைத்த ஒரே இடம்.

ஆக இரண்டு தடவை இடித்தாயிற்று. 2004-ல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' வருகிறது. போய்ப் பார்த்தால் நிலை, சிலை எல்லாம் முழுசாக நிற்கிறது! வழிதான் மூடியிருக்கிறது. இடித்த கல்லை யார் அடுக்கினார்கள்? எந்த மேஸ்திரி? 2007 ஜனவரியில் காஸாக் என்கிற அரக்கன் திறந்துவிட்டான் என்று சொல்லி, உடைந்துபோன டிரேனாரின் மிச்சத்துக்கு எல்லோரையும் அனுப்பினார்கள். 2014-ல் அதே வாசல் பச்சையிலிருந்து சிவப்பாக மாறி, வேறொரு காலக்கோட்டில் இருக்கும் இன்னும் உடையாத டிரேனாருக்குப் போகிறது. அதையும் அந்தப் பக்கம் போய் உடைத்தோம். மூன்றாவது தடவை. பழைய வழி வேண்டுமென்றால்? பக்கத்தில் ஸிடோர்மி என்று ஒரு அம்மாள் நிற்கிறாள். அவளிடம் கேட்டால் காலத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளித் தருவாள். நம்ம ஆபீஸில் பழைய ஃபைல் எடுத்துத் தரும் ரெக்கார்டு ரூம் ஆசாமி மாதிரி.

ஆடிட்டில் விடை தெரியாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோமே, அப்படி ஒரு அக்கவுண்ட் இந்த வாசலுக்கு மட்டும் தனியாகத் தேவைப்படும்.

இதெல்லாம் சில்லறைத் தகராறு. அசல் வழக்கு வேறே. வாசலைத் திறந்தது யார் என்பது.

1994-ல் கேள்விக்கே இடமில்லை. மெடிவ் என்ற மனித மந்திரவாதி கெட்டுப்போனான், திறந்தான். ஓர்க்குகள் ரத்தவெறி பிடித்தவர்கள், வந்தார்கள். இரண்டு தரப்பும் குற்றவாளி, வழக்கு முடிந்தது. 2001-ல் ஜெஃப் கிரப் எழுதிய 'தி லாஸ்ட் கார்டியன்' நாவல் வந்தது. மெடிவ் பாவம், பிறக்கும்போதே ஸார்கரஸ் என்ற மகா அரக்கன் அவனுக்குள் குடியிருந்தான் என்றது. ஒரு குற்றவாளி விடுதலை. 2002-ல் மூன்றாவது ஆட்டம். ஓர்க்குகளும் பாவம், மன்னோராத் என்ற அரக்கனின் ரத்தத்தைக் குடித்ததால்தான் வெறி பிடித்தது, இல்லாவிட்டால் மானஸ்தர்கள் என்றது. அடுத்த குற்றவாளியும் விடுதலை. செத்த மெடிவே அதில் தீர்க்கதரிசியாகத் திரும்பி வந்து, செய்ததற்குப் பிராயச்சித்தம் தேடுகிறான்.

கவனித்தீர்களா? கல்லும் நிலையும் அப்படியேதான் இருக்கின்றன. கதையைத் திருத்தும் ஒவ்வொரு தடவையும் பழி மட்டும் ஒரு படி தள்ளிப் போகிறது. ஓர்க் பக்கம் ஆடுகிறவனுக்கு இது சாதாரண விஷயமில்லை ஸார். எட்டு வருஷம் வில்லனாக இருந்த தன் ஜாதி, ஒரே நாளில் ஏமாற்றப்பட்ட ஜனமாகிவிட்டது. அவன் விடுவானா? மனிதர் பக்கம் ஆடுகிறவன் மட்டும் விடுவானா? "ஸ்டார்ம்விண்ட் நகரம் எரிந்ததே, அது யார் கணக்கு?" என்கிறான்.

2006-ல் இன்னொரு வெடி. டிரேனாரில் ஓர்க்குகள் கொன்று குவித்த டிரேனை என்ற இனத்தை ஆட்டத்தில் சேர்க்கும்போது, அவர்கள் எரெடார் என்ற பழைய இனத்தின் கிளை என்றும், எரெடார்களை ஸார்கரஸ்தான் கெடுத்தான் என்றும் அறிவித்தார்கள். ரசிகர்கள் 2002-ன் கையேட்டை எடுத்து நீட்டினார்கள். அதில் தலைகீழ்! எரெடார்கள்தான் ஸார்கரஸின் புத்தியைக் குழப்பியதாக இருந்தது. கதை இலாகா தலைவர் கிறிஸ் மெட்ஸன் சப்பைக்கட்டு கட்டவில்லை. நான்தான் எழுதினேன், எழுதியதை மறந்துவிட்டேன், பழசைப் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். நம்ம ஊர் மெகா சீரியலில் செத்த மாமியார் திரும்பி வரும்போது யாராவது இப்படிச் சொல்லியிருக்கிறார்களா?

2010-ல் கம்பெனியின் ரசிகர் மாநாடு. சிவப்புச் சட்டை போட்ட ஒரு பையன் மைக்கைப் பிடித்தான். கூச்சம், தலை நிமிரவில்லை, குரல் ஒரே சீராக வருகிறது. குள்ளர்களின் புது ஆட்சிக் குழுவில் ஃபால்ஸ்டட் ஏன் இல்லை என்றான். குழுவில் இருந்தது, 1996-ல் இருட்டு வாசல் தாண்டிப் போன படையின் வீரன் குர்ட்ரான். மேடையிலிருந்து ஒருவர், "ஃபால்ஸ்டட் செத்துவிட்டான் இல்லையா?" என்றார். "இல்லை" என்றான் பையன். எந்த ஊரில் தலைவனாக இருந்தான் என்பதையும் சொன்னான். கூட்டம் கைதட்டியது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அவன் பேசிய தோரணையைக் கேலி செய்தவர்களும் ஏராளம். கம்பெனி என்ன செய்தது தெரியுமா? ஃபால்ஸ்டட்டைக் குழுவில் போட்டது. அவன் பக்கத்தில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு குள்ளனை, 'தகவல் சரிபார்ப்பவர்' என்ற பட்டத்தோடு நிற்கவும் வைத்தது. கேலி செய்தவர்களுக்குச் சிலை வைத்ததாகத் தகவல் இல்லை.

2016-ல், இனிமேல் இதுதான் முடிந்த முடிவு என்கிற மாதிரி 'கிரானிக்கிள்' என்று கெட்டி அட்டை போட்ட சரித்திரப் புத்தகம் வந்தது. அப்பாடா என்று காசு கொடுத்து வாங்கினார்கள். சில வருஷம் கழித்துக் கம்பெனிக்காரர்களே, அது டைட்டன்கள் என்ற தேவர்களின் பார்வையில் எழுதப்பட்டது, மற்ற தரப்புக்கு வேறு கதை இருக்கலாம் என்று ஆரம்பித்தார்கள். கோபம் வருமா, வராதா? ஒரே மலைக்கு நாலு ஸ்தல புராணம் இருப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது பெரிசாகத் தெரியாது. ஆனால் ஸ்தல புராணத்தை யாரும் நம்மிடம், இதுதான் கடைசிப் பதிப்பு என்று சொல்லி விற்றதில்லை.

இருந்தாலும், 2014-ன் சிவப்பு வாசல் கிளப்பிய கேள்விக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமில்லை. அந்தக் கதையில் கரோஷ் என்ற ஓர்க், வேறு காலக்கோட்டின் பழைய டிரேனாருக்குப் போய்த் தன் அப்பா க்ரோமாஷைத் தடுக்கிறான். அரக்க ரத்தத்தைக் குடிக்காதே என்கிறான். அப்பாவும் குடிக்கவில்லை. நல்லது. அப்புறம்? இரும்பைக் காய்ச்சி ஆயுதம் செய்துகொண்டு, அதே வாசல் வழியாக அஸரோத்தின் மேல் படையெடுக்கிறார்கள்!

மனிதர் கட்சி துள்ளிக் குதித்தது. "ரத்தம் குடித்ததால் வந்தோம் என்றீர்களே, இப்போது குடிக்காமலே வந்திருக்கிறீர்களே?" ஓர்க் கட்சி, கரோஷ் ஆயுதமும் ஆத்திரமும் கொண்டுபோய்க் கொடுத்ததால்தான், அது வேறு உலகம், எங்கள் முன்னோர் வேறு என்றது. எனக்கென்னவோ இந்த வாதம் கொஞ்சம் நொண்டுகிறது. குடித்துவிட்டு அடித்தவன், அடுத்த தடவை குடிக்காமல் அடித்தால் கோர்ட்டில் நிற்காது.

ஆனால் 2016-ல் டங்கன் ஜோன்ஸ் எடுத்த சினிமாவில் அந்த வாசலைப் பார்த்தபோது என் தீர்ப்பு ஆட்டம் கண்டது. செத்துக்கொண்டிருக்கும் பூமி. கைதிகளின் உயிரை உறிஞ்சித்தான் குல்டான் வாசலைத் திறந்து வைத்திருக்கிறான். ட்யூரோட்டான் என்ற ஓர்க் தன் நிறைமாத மனைவியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகிறான். தாண்டியதும் அவளுக்குப் பிரசவம். படையெடுப்பா, பஞ்சம் பிழைக்கப் போவதா? இரண்டுமே அந்த ஒரு காட்சியில் இருக்கிறது. எந்தக் கட்சிக்கு எழுதிக் கொடுப்பது?

கடைசியாக ஒரு விஷயம். 2007-லிருந்து ஆட்டத்தில் ஒரு பகுதி உண்டு. காலத்தைக் காவல் காக்கும் வெண்கல டிராகன்கள் ஐந்து ஆட்டக்காரர்களைப் பழைய காலத்துக்கு அனுப்புகின்றன. சதுப்பு நிலத்தில் மெடிவ் கையைத் தூக்கிக்கொண்டு மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறான். வாசலைத் திறக்கும் அதே நாள். அவனைத் தடுக்க அலை அலையாக எதிரிகள் வருகிறார்கள். தடுத்துவிட்டால் படையெடுப்பே கிடையாது, நகரம் எரியாது. ஆட்டக்காரரின் வேலை? மெடிவுக்கு ஒன்றும் ஆகாமல் காப்பாற்றுவது. சரித்திரம் மாறக்கூடாதாம்.

மனிதர் கட்சி, ஓர்க் கட்சி இரண்டுமே இதை ஆடுகிறது. கடைசி எதிரி விழுந்ததும் வாசல் திறக்கிறது. முதல் ஓர்க் வெளியே வருகிறான். ஐந்து பேரும் கிடைத்த பொருளைப் பங்கு போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். அப்புறம் நேரே போய் உட்கார்ந்து, வாசலைத் திறந்தது யார் என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.