அடைமழையில் ஒரு கோல நோட்டு

எங்கள் குமராட்சிப் பக்கம் ஐப்பசி பிறந்தால் அடைமழைதான். துணி காயாது, வாசலில் கால் வைக்க முடியாது. பெரிய பெண்ணைக் கட்டிக்கொடுத்த வருஷம் வீடே வெறிச்சோடிப் போயிற்று. பேசப் பிடிக்காமல் பகலெல்லாம் படுத்தே கிடந்தேன்.

மாமியார்தான் பழைய கோல நோட்டை எடுத்து வந்து மடியில் போட்டார். "சும்மா கெடந்தா மனசுலயும் பாசி புடிச்சிடும். நாலு புள்ளியாவது வையி" என்றார். அலுப்போடு 15 புள்ளி வைத்து, 8 முடிய ஊடுபுள்ளியாக இறக்கினேன். கோடு சேர்ந்ததும் மணி பார்த்தேன், பொழுது சாய்ந்திருந்தது! வெகுநாளைக்குப் பிறகு அன்று நானாகவே பஜ்ஜி போட்டேன்.

இப்போதெல்லாம் புரட்டாசியிலேயே மேட்டுப் பாத்தியில் பரங்கி விதை ஊன்றிவிடுகிறேன். மார்கழிக் கோலத்துக்குப் பூ வேண்டுமே! நீளக் காம்புள்ள ஆண் பூவைத்தான் பறிப்பேன். அடியில் பிஞ்சுள்ள பெண் பூவைத் தொடமாட்டேன். ஆண் பூவிலும் நாலைந்தைக் கொடியிலேயே விட்டுவையுங்கள். மகரந்தம் சேராவிட்டால் பிஞ்சு வெம்பிவிடும்.

தொட்டிச் செடி வைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: அடித்தட்டில் தேங்கும் தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். வாரம் ஒரு தடவையாவது தட்டைக் கவிழ்த்து, நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

திருவாதிரைக்குக் களி கிண்டும்போது மகள் போன் செய்வாள். "இன்னிக்கு என்ன கோலம்மா?" என்பாள். அவள் வாசலிலும் அதே கோலம்தான். உங்கள் பரணிலும் ஒரு பழைய நோட்டு இருக்கும். மழை விடுவதற்குள் எடுத்துப் பாருங்களேன்.