புதுச் சரக்குக்குத் தனித் தொட்டி

கொளத்தூரிலிருந்து வரும் வண்ணமீன் பையை நேரே விற்பனைத் தொட்டியில் அவிழ்த்துவிடும் கடைக்காரர்கள் நம்மில் பலர். வெள்ளைப் புள்ளி நோய்க் கிருமி செவுளில் ஒளிந்து வந்தால் கண்ணுக்குத் தெரியாது. தோலுக்குள் இருக்கும்வரை மருந்தும் அதைத் தொடாது. நீரில் நீந்தும்போதுதான் சாகும். ஆகவே 3 வாரம் தனியே வைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு மணல், செடி எதுவும் வேண்டாம். 2 அடிக் கண்ணாடித் தொட்டி, ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் பில்டர் போதும். அந்த ஸ்பாஞ்ச் நோயில்லாத பழைய தொட்டியில் ஒரு மாதமாவது ஓடியதாக இருக்கட்டும். புது ஸ்பாஞ்சில் கழிவை மாற்றும் நுண்ணுயிர் இராது; அம்மோனியாவே மீனைக் கொன்றுவிடும். வலையும் டியூபும் தனி. கடைப் பையன்கள் தவறுவது இங்கேதான்.

முதல் முடங்குகிறதே என்பார்கள். முடங்கட்டும். செத்த மீனுக்கு மொத்த வியாபாரி யாரும் பணம் திருப்புவதில்லை, நானும்தான்.