காலிலே நோவு, முதுகிலே காரணம்

உடலின் ஓரிடத்துத் தோன்றிய நோய் பிறிதோரிடத்திற் புலப்படுதல் உண்டு. மட்டக்களப்பு வாவியிலே தோணியில் நின்று குனிந்து வலையிழுப்பவரும், படுவான்கரை வயல்களில் நெல்மூடை சுமப்பவரும் காலில் நோவு கண்டால் ‘முழங்கால் சுளுக்கிவிட்டது’ என்றே எண்ணுவர். எண்ணெய் பூசிக் கட்டியும் நோவு நீங்காதாயின், முள்ளந்தண்டையும் ஆராய்தல் வேண்டும்.

முள்ளென்புகளுக்கிடையே மெத்தைபோன்ற தட்டுகள் அமைந்துள்ளன. அவற்றுளொன்று பிதுங்கி நரம்பின் வேரை நெருக்கினால், அந்நரம்பு செல்லும் இடத்திலேயே நோவு உணரப்படும். நாரிப் பகுதியின் நான்காம் நரம்பாயின் முன்தொடையும் முழங்காலும் நோகும். திருவென்பின் முதல் நரம்பாயின் பின்காலும் குதியும் நோகும்.

நெடுங்காலம் இந்நோய் இடுப்பு மூட்டு நோயென்றே கருதப்பட்டது. 1764ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் நகரத்துக் கொத்துஞ்ஞோ என்னும் வைத்தியர் நரம்பு நோவை மூட்டு நோவினின்றும் பிரித்துக் காட்டினார். 1934இல் பொஸ்ரன் நகரத்து அறுவை வைத்தியர்களான மிக்ஸ்டரும் பாரும் தட்டுப் பிதுக்கமே இதற்குக் காரணமாதலை விளக்கினர்.

மூட்டில் ஊறு நேரின் வீக்கமும், அழுத்துமிடத்து நோவும், மடக்குங்கால் தடையும் காணப்படும். நரம்பு நோவிலோ மூட்டு பெரும்பாலும் வீங்காது. விறைப்பும் எரிவும் தோன்றும். இருமினும் தும்மினும் நோவு மிகும். முதியோரின் முழங்கால் எக்ஸ்கதிர்ப் படத்தில் தேய்வு காணப்படுதல் இயல்பு. அதனை மட்டுமே கொண்டு முடிவுசெய்தல் பிழைபடும்.

பெரும்பாலோர்க்கு இந்நோவு அறுவையின்றியே சில வாரங்களில் தணியும். ஆயினும் சிறுநீர் தடைப்படுதல், இருக்கும்போது தரையிற் படும் பகுதி உணர்விழத்தல், இருகாலும் தளர்தல் என்பவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே வைத்தியசாலையை அடைதல் வேண்டும். அந்நிலையிலும் முழங்காலுக்கே கட்டுப்போட்டுக் காத்திருப்பவர் நடக்கும் ஆற்றலையே இழத்தல் கூடும்.