முகப்பு முதலா, தறிக்கூடம் முதலா?

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார் என்பது நம் முன்னோர் வாக்கு. உள்ள வீட்டை விரிவு செய்ய முற்படுவோர்க்கும் அவ்வாக்கு பொருந்தும். கடன் பெற்று வீட்டை விரிக்க எண்ணும் அங்கத்தினர்கள் முதற்கண் தீர்மானிக்க வேண்டுவது ஒன்றுண்டு. கையிலுள்ள தொகை தொழிலுக்கு வசதியான அறைக்குச் செல்வதா, தெருவுக்கு எடுப்பான தோற்றத்திற்குச் செல்வதா என்பதே அது.

காஞ்சிபுரத்தை அடுத்த ஓர் ஊரில் முதிய நெசவாளர் ஒருவர் வீட்டைப் பார்வையிட நேர்ந்தது. முகப்பில் உருண்டைத் தூண்கள். வண்ண ஓடு பதித்த சுவர். மேலே வளைந்த கைப்பிடிச் சுவர். கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆனால் முன்கூடத்தைப் பெரிதாக்கும் பொருட்டு, தறி மேற்கே பார்த்த பின்னறைக்குச் சென்றுவிட்டது. அங்கே காலை பத்து மணிக்கே மின்விளக்கு எரிகிறது. பிற்பகலில் சுவரும் கான்கிரீட் தளமும் ஒருசேரக் காய்கின்றன. பாவு இழை உலர்ந்து அடிக்கடி அறுவதால், நனைத்த சாக்கை ஜன்னலில் தொங்கவிட்டிருந்தார். முன்பு பத்து நாளில் இறக்கிய சேலைக்கு இப்போது பதின்மூன்று நாள் ஆகிறதாம். கடன் தவணையோ நாளை எண்ணிக்கொண்டு வருகிறது.

முகப்பைச் சிறிது பொறுத்துச் செய்திருக்கலாகாதா என்று வினவினோம்.

“பெண் பார்க்க வருகிறவர்கள் தறியைப் பார்ப்பதில்லை, ஐயா, வாசலைத்தான் பார்க்கிறார்கள்” என்றார் பெரியவர். மணம் செய்விக்க வேண்டிய பெண்கள் இருவர் அவருக்கு. விடை கூற நமக்கு வாய் எழவில்லை. அன்றியும், அவ்வீட்டு வரைபடத்தைப் பரிசீலித்துப் பரிந்துரை செய்தது நாமே. நீள அகலங்களையும் மதிப்பீட்டையும் கூட்டிச் சரிபார்த்த நாம், நெய்பவர் எங்கே அமர்வார், அவர் கைக்கு வெளிச்சம் எப்பக்கத்திலிருந்து வரும் என்று ஒரு சொல் கேட்டோமில்லை.

தறி கேட்பவை

குழித்தறிக்கு வேண்டுவன மிகுதியல்ல. நெய்பவரின் கைநிழல் துணியின்மேல் விழாதவாறு பக்கத்திலிருந்து வெளிச்சம் வரவேண்டும். நம் பகுதியில் வடக்கு ஜன்னலே இதற்கு உகந்தது. வேனிலில் சூரியன் வடக்கே சாயும் மாதங்களுக்கு நீண்ட இறவாரம் பெரும்பாலும் போதும். ஓட்டுக்கூரையாயின் இடையிடையே கண்ணாடி ஓடு பதிக்கலாம். ஜக்கார்டுப் பெட்டி ஏற்றுவோர், அதற்கும் கூரைக்கும் இடையே கைவிட்டுப் பழுது பார்க்க உயரம் விடவேண்டும். பாவுக்குச் சற்றே ஈரமான காற்று நல்லது. ஆனால் மழைநீர் தறிக்குழியில் ஊறலாகாது. ஆதலின் தரைமட்டத்தை உயர்த்தியபின் குழி எடுத்தல் வேண்டும்.

விவசாய அங்கத்தினர்க்கோ நிலைமை வேறு. நிலக்கடலை மூட்டைக்கு ஈரம் ஆகவே ஆகாது, பூஞ்சணம் பற்றிவிடும். சரக்கு அறையில் மூட்டைகளைச் சுவரில் சாய்க்காமல் மரப்பலகைமேல் அடுக்க இடம் வேண்டும். தொழில் எதுவோ அதற்கேற்ப அறை அமைதலே முறை.

அழகு வீணா?

அன்று; பெரியவர் சொன்னதில் உண்மை உண்டு. எனினும் அழகுக்குத் தனிச்செலவு எப்போதும் வேண்டுவதில்லை. 1945-இல் இந்தியாவுக்கு வந்து 2007-இல் மறைந்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், இதனைக் கேரளத்தில் செய்தே காட்டினார். செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் முறையை அவர் பரப்பினார். ஒன்பது அங்குலச் சுவருக்கு அம்முறையில் ஏறக்குறைய 25 சதவீதம் செங்கல் மிச்சமாகும்; வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும். செங்கற்களுக்கிடையே துளை விட்டு அவர் அமைத்த சுவர்களைத் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் இன்றும் காணலாம். காற்றும் ஒளியும் தரும் அத்துளைகளே அங்கே அலங்காரமுமாகும். நம் பழைய திண்ணையும் அத்தகையதே: வருவோர்க்கு இருக்கை, வீட்டார்க்கு நிழல், வாசலுக்கு லட்சணம்.

ஆகவே நாம் கூறும் யோசனை இதுவே. பின்னர் மாற்ற இயலாதவற்றை முதலில் செய்க. திசை, தரைமட்டம், கூரை உயரம், தறிக்குழி ஆகியவை கடன் தொகையில் முடியட்டும். பூச்சும் வண்ணமும் தூணும் அடுத்த ஆண்டுச் சேமிப்பில் வரலாம், அவை காத்திருக்கும். வாசலுக்கு இப்போதைக்கு ஒரு திண்ணையும் சுண்ணாம்பும் போதும். வரைபடத்தில் நெய்பவர் அமரும் இடத்தைக் குறித்த பின்னரே கையொப்பமிடுக. சங்க நிர்வாகிகளும் அதனைக் கேட்டு வாங்குதல் கடமை. நாமும் இப்போது கேட்கிறோம்.

பெரியவர் வீட்டில் வடசுவரை உடைத்து ஒரு ஜன்னல் வைத்தாயிற்று. மேற்குச் சுவருக்குக் கீற்றுப் பந்தல் நிழல் தருகிறது. பகல் விளக்கு அணைந்தது. தளத்தின் சூடு மட்டும் தணியவில்லை. அதற்குப் பரிகாரம் வரைபடத்தில் இருந்தது. அந்த நாள் கடந்துவிட்டது. இனி வீட்டை விரிக்கும் அங்கத்தினர்க்கு அந்த நாள் இன்னும் கையில் இருக்கிறது.